வெள்ளாட்டைப் பிடிப்பதும் நடத்திச் செல்வதும்

வெள்ளாட்டைக் கையாளும்போது ஆட்டுக்கோ ஆளுக்கோ அடிபட்டால், பெரும்பாலும் பிடித்த இடம் தப்பாக இருந்திருக்கும். காது, வால், ஒற்றைக் கால், முதுகுமயிர் என்று கைக்கு எது அகப்படுகிறதோ அதைப் பிடித்து இழுக்கிறோம். அங்கெல்லாம் பிடித்தால் ஆடு நிற்காது, வலியில் இன்னும் திமிறும். தலை உங்கள் கைக்கு வந்துவிட்டால் ஆடு உங்கள் கைக்கு வந்துவிட்டது. தாடைப் பிடி, கழுத்துக்கயிறு, மருந்து ஊற்றும் முறை என்று இங்கே வருவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வரும்.

சொல்வதெல்லாம் நம் ஊர்ப் பக்கத்து ஆடுகளான கன்னி, கொடி, சேலம் கருப்பு, மோளை ஆகியவற்றை மனதில் வைத்துத்தான். போயர், ஜமுனாபாரி கலப்புக் கிடாக்களுக்கும் முறை இதுதான். எடை கூடுதல் என்பதால் ஆள் ஒருவர் கூட வேண்டும்.

கிட்டப் போகுமுன்

ஆட்டின் கண் தலையின் இரு பக்கத்திலும் இருக்கிறது. பாவை படுக்கைவாட்டில் நீண்டிருக்கும். அதனால் முன்னாலும் பக்கவாட்டிலும் வருவதெல்லாம் அதற்குத் தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. பின்னாலிருந்து சத்தமில்லாமல் போய்ப் பிடித்தால் மிரண்டு துள்ளும். தோள்பட்டைக்கு நேராக, பக்கவாட்டில், ஏதாவது குரல் கொடுத்தபடி நடந்து போங்கள். தோளுக்குப் பின்னால் நீங்கள் நின்றால் ஆடு முன்னே நகரும். தோளுக்கு முன்னால் வந்தால் நிற்கும், அல்லது பின்வாங்கும். பட்டிக்குள் கம்பு இல்லாமல் ஆட்டைத் திருப்ப இது தெரிந்தால் போதும்.

திறந்த வெளியில் துரத்திப் பிடிக்கவே கூடாது. வெயிலில் துரத்திய ஆடு வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சில சமயம் அப்படியே விழுந்துவிடும். சினை ஆடாக இருந்தால் கன்று வீச, அதாவது கரு கலைய, வாய்ப்பு உண்டு. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஓடிக் களைத்த ஆட்டுக்கு உடல் சூடு கூடியிருக்கும். ஆரோக்கியமான வெள்ளாட்டின் உடல் வெப்பம் 101.5 முதல் 103.5 டிகிரி பாரன்ஹீட் வரை. துரத்திப் பிடித்த கையோடு வெப்பமானி வைத்தால் காய்ச்சல் போலக் காட்டும். அரை மணி நேரம் நிழலில் விட்டுப் பிறகு பாருங்கள்.

காலையில் மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடுமுன் கொட்டிலிலேயே பிடிப்பதுதான் நல்லது. வயிறும் காலியாக இருக்கும். கொட்டில் பெரிதாக இருந்தால் மூலையில் இரண்டு படல்களை வைத்து ஆறடிக்கு ஆறடி அளவில் ஒரு சின்ன அடைப்பு செய்து, நாலைந்து ஆடுகளைச் சேர்த்தே உள்ளே விடுங்கள். ஒற்றை ஆட்டைப் பிரித்து அடைத்தால் கத்தும், படலைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். பக்கத்தில் ஒரு துணை ஆடு நின்றால் பாதி மிரட்சி போய்விடும்.

தினமும் ஒரு பழக்கம் செய்து வையுங்கள். ஒரு தகர டப்பாவில் குடைவேல் நெற்றோ கருவேல நெற்றோ போட்டுக் குலுக்கி, வருகிற ஆட்டுக்கெல்லாம் ஒரு பிடி கொடுங்கள். சில வாரத்தில் சத்தம் கேட்டாலே மந்தை திரும்பி வரும். மழைக்கு ஒதுங்க வைக்க, நாய் வந்தால் கூப்பிட, சந்தைக்குப் பிடிக்க எல்லாவற்றுக்கும் அந்த டப்பா உதவும். நெற்று இல்லாத காலத்தில் அகத்திக் கொத்து ஒன்று கையில் இருந்தால் போதும்.

பிடிக்கும் முறை

ஆட்டின் இடப்பக்கம் நில்லுங்கள். இடது கையைத் தாடைக்கு அடியில் கொடுத்து, இரண்டு தாடை எலும்புகளையும் விரல்களால் ஏந்திப் பிடியுங்கள். வலது கை பின்பக்கம், வாலின் அடியை ஒட்டிய புட்டத்தில் இருக்கட்டும். உங்கள் முழங்கால் ஆட்டின் விலாவை ஒட்டி, அதைச் சுவரோடோ படலோடோ அணைத்தபடி இருக்க வேண்டும். இப்போது தலையைச் சற்றே, மூக்கு கண் மட்டத்துக்கு வரும் அளவுக்கு, தூக்கினால் ஆட்டால் முன்னே பாய முடியாது. பின்வாங்கினால் வலது கை தடுக்கும்.

இதில் அடிக்கடி நடக்கும் தப்பு, தாடைக்குப் பதில் தொண்டையைப் பிடிப்பது. விரல்கள் எலும்பின் விளிம்பைத் தாண்டிப் பின்னால் போனால் மூச்சுக்குழாய் அழுந்தும். ஆடு கரகரவென்று சத்தம் போட்டு, கால் மடக்கி உட்காரும். முரண்டு பிடிப்பதாக நினைத்து இன்னும் இறுக்குவார்கள். அது முரண்டு அல்ல, மூச்சு முட்டுகிறது. உடனே கையைத் தளர்த்துங்கள்.

கொம்பைப் பிடிக்கலாமா என்றால், வளர்ந்த ஆட்டில், அடிக்கொம்பில், கொஞ்ச நேரத்துக்குப் பிடிக்கலாம். நுனியில் பிடிக்கக் கூடாது. குட்டியின் கொம்பைத் தொடவே வேண்டாம். இளங்கொம்பின் மேல் உறை சுலபமாகக் கழன்று வந்துவிடும், ரத்தம் கொட்டும், ஈ மொய்த்துப் புழு வைக்கும். வளர்ந்த ஆட்டுக்கு அடியோடு ஒடிந்தால் இன்னும் மோசம். கொம்புக்குள் இருக்கும் எலும்பு உள்ளே பொந்தாக, நெற்றி அறையோடு சேர்ந்திருக்கும். அந்தத் துளைக்குள் எண்ணெயோ மஞ்சள் கரைசலோ ஊற்றக் கூடாது. சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துங்கள். துணியால் கட்டி, ஈ அண்டாமல் இருக்கச் சுற்றியுள்ள தோலில் மட்டும் வேப்பெண்ணெய் தடவி, கால்நடை மருத்துவரைப் பாருங்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் சேவையைக் கேட்கலாம்.

ஓடும் ஆட்டைப் பின்னங்காலில் பிடிக்க வேண்டி வந்தால் கணுவுக்கு மேலே தொடைப் பக்கமாகப் பிடித்து, அடுத்த நொடியே தலைக்கு மாறிவிட வேண்டும். காலைப் பிடித்தபடியே இழுத்துப் போனால் இடுப்பு மூட்டு விலகும். குட்டிக்குக் கால் எலும்பே ஒடியும்.

ஆளுக்கு வரும் அடியில் அதிகம் முகத்தில் படுவது. ஆட்டின் தலைக்கு நேர் மேலே குனிந்து நிற்போம், அது தலையை மேலே உதறும், கொம்பு தாடையிலோ கண்ணிலோ இடிக்கும். எப்போதும் உங்கள் முகம் ஆட்டின் தலைக்குப் பக்கவாட்டில், ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும்.

கிடா

கிடாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். பருவத்தில் இருக்கும் கிடா மேலுதட்டைச் சுருட்டும், தாடியிலும் முன்னங்காலிலும் தன் மூத்திரத்தையே அடித்துக்கொள்ளும், உறுமும். அந்த நேரத்தில் அதற்கும் பெட்டைக்கும் நடுவில் போகாதீர்கள். செம்மறிக் கிடா பின்னால் போய் ஓடிவந்து முட்டும். வெள்ளாட்டுக் கிடா பின்னங்காலில் எழுந்து நின்று, தலையைச் சாய்த்து மேலிருந்து இறக்கும். எழுகிறது என்று தெரிந்தால் பின்னால் நகராதீர்கள், அடி நேரே உங்கள் மேல் விழும். பக்கவாட்டில், அதன் தோளை ஒட்டி விலகுங்கள். அதன் முன் முதுகு காட்டுவதும், குந்தி உட்கார்ந்து தீவனம் வைப்பதும் ஆபத்து.

குட்டியாக இருக்கும்போது நெற்றியில் கை வைத்துத் தள்ளி விளையாடுவதைப் பிள்ளைகளிடம் கண்டித்துச் சொல்லுங்கள். ஆறு கிலோ குட்டி முட்டும்போது சிரிப்பாக இருக்கும். அதே கிடா நாற்பது கிலோ ஆனபின் அதே விளையாட்டைத்தான் தொடரும், அதன்மேல் குற்றம் இல்லை. தடவ வேண்டுமென்றால் தாடைக்கு அடியிலும் கழுத்துப் பக்கத்திலும் தடவலாம்.

பெரிய கிடாவை நடத்திப் போக இரண்டு பேர், இரண்டு கயிறு, ஆளுக்கொரு பக்கம். கயிற்றைக் கொம்பில் கட்டுவது சிலருக்கு வழக்கம். அது வேண்டாம். கிடா ஒரு சுண்டு சுண்டினால் கழுத்தும் கொம்பும் சேர்ந்து திருகும்.

கயிறும் முடிச்சும்

விரல் மொத்தத்தில், அதாவது 10 முதல் 12 மில்லிமீட்டர், பருத்தி நூல் கயிறு நல்லது. மெல்லிய நைலான் கயிறு மலிவுதான். ஆனால் ஆட்டின் கழுத்தை அறுக்கும், உங்கள் உள்ளங்கையையும் அறுக்கும், முடிச்சும் வழுக்கும். நடத்திப் போக ஐந்தாறு அடி போதும்.

கழுத்தில் சுருக்கு முடிச்சு மட்டும் போடாதீர்கள். இழுக்க இழுக்க இறுகி, ஆள் இல்லாத நேரத்தில் உயிரை வாங்கிவிடும். இறுகாத முடிச்சு இப்படி:

கயிற்றின் நுனியிலிருந்து இரண்டரை அடி தள்ளி ஒரு சின்ன வளையம் போடுங்கள். வளையத்தில் ஆட்டின் கழுத்துக்குப் போகும் இழை மேலேயும், உங்கள் கைக்கு வரும் இழை கீழேயும் இருக்க வேண்டும். நுனியை ஆட்டின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, அந்த வளையத்துக்குள் அடியிலிருந்து மேலே நுழையுங்கள். கைக்கு வரும் கயிற்றின் பின்னால் சுற்றி, திரும்ப அதே வளையத்துக்குள் மேலிருந்து கீழே விடுங்கள். நுனியையும் கைக்கயிற்றையும் எதிரெதிராக இழுத்தால் முடிச்சு அமரும். கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். கைக்கயிற்றைப் பலமாக இழுத்துப் பாருங்கள். வளையம் சுருங்கினால் இழைகள் மாறிவிட்டன, அவிழ்த்துத் திரும்பப் போடுங்கள். ஆட்டுக்குப் போடுமுன் உங்கள் முழங்காலில் நாலு தடவை போட்டுப் பழகுவது நல்லது. வளரும் குட்டிக்கு வாரம் ஒருமுறை இரண்டு விரல் விட்டுப் பாருங்கள், கழுத்து பருத்துக் கயிறு தோலுக்குள் பதிந்துபோனதைத் தாமதமாகக் கண்டால் காயம் ஆற வெகுநாள் பிடிக்கும்.

கம்பத்தில் கட்டும்போது எதிர்மாறு. அங்கே நுனியை இழுத்தால் சட்டென அவிழும் முடிச்சுதான் வேண்டும், ஆடு மாட்டிக்கொண்டால் ஒரு கையால் அவிழ்க்க வேண்டியிருக்கும். கட்டும் உயரம் ஆட்டின் முதுகு மட்டம், கயிற்று நீளம் ஒன்றரை முதல் இரண்டடி. அதற்கும் கீழே, நீளமாகக் கட்டினால் காலில் சுற்றும். திண்ணை ஓரம், கட்டைச்சுவர், மதகு, கிணற்றுமேடு, வண்டியின் பக்கப்பலகை பக்கத்தில் கட்டவே கூடாது. ஆடு ஏறித் தாண்டும், கயிறு எட்டாது, தொங்கிவிடும்.

மேய்ச்சலுக்கு முளையடித்துக் கட்டுவதானால் ஒன்றரை அடி இரும்பு முளை, அதன் தலையில் சுழலும் வளையம், பத்து முதல் பதினைந்து அடி கயிறு. வளையம் சுழலாவிட்டால் ஆடு சுற்றிச் சுற்றிக் கயிறு முளையிலேயே சுருண்டு, மத்தியான வெயிலில் ஒரு முழக் கயிற்றோடு நிற்கும். பக்கத்து ஆட்டின் வட்டம் இந்த வட்டத்தைத் தொடக் கூடாது. நிழல் எட்ட வேண்டும், புதரும் கல்லும் எட்டக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தெருநாய் நடமாட்டம் இருக்கும் இடத்தில் ஆள் இல்லாமல் முளையடித்துக் கட்டினால் ஆட்டால் ஓடவும் முடியாது.

கயிற்றுக்குப் பழக்குவதும் நடத்துவதும்

மூன்று முதல் ஐந்து மாதக் குட்டியில் தொடங்குவது சுலபம். முதல் இரண்டு நாள் கழுத்துக்கயிறு மட்டும் இருக்கட்டும், கயிற்றின் நுனி ஒரு அடி தொங்கட்டும். அடுத்த சில நாள், நீங்கள் கூடவே இருந்து, கால் மணி நேரம் கட்டி வையுங்கள். கத்தும், இழுக்கும், பிறகு நிற்கும். நின்ற பிறகு அவிழ்க்க வேண்டும். கத்தும்போது அவிழ்த்தால் கத்தினால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும்.

நடத்தும்போது ஆட்டின் தோளுக்குப் பக்கத்தில் நடங்கள். ஒரு கை, தாடையிலிருந்து ஒரு அடி தள்ளிக் கயிற்றில். மறு கையில் மிச்சக் கயிறு மடிப்பு மடிப்பாக. கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், இடுப்பில் கட்டிக்கொள்ளாதீர்கள். ஆடு பாய்ந்தால் விரல் போகும், அல்லது நீங்கள் லாரி முன்னால் போவீர்கள்.

எல்லோரும் செய்வது, முன்னே நடந்து கயிற்றை இழுப்பது. கழுத்தில் இழுப்பு விழுந்தால் ஆடு நாலு காலையும் ஊன்றிப் பின்னுக்கு இழுக்கும், அது அதன் சுபாவம். பலத்தால் ஜெயித்தாலும் தொண்டை நசுங்கும். சின்னதாக ஒரு சுண்டு, ஒரு அடி எடுத்து வைத்ததும் கயிற்றைத் தளர்த்துவது, திரும்ப ஒரு சுண்டு. தளர்த்துவதில்தான் ஆடு பாடம் படிக்கிறது. நகராவிட்டால் மறுகையால் வாலடியில் தட்டுங்கள். படுத்துவிட்டால் இழுக்காதீர்கள். பின்பாகத்தைத் தூக்கி நிறுத்தி, மூச்சு வாங்க விட்டு, பழகிய ஒரு ஆட்டை முன்னே விட்டு நடத்துங்கள். எப்போதும் இழுக்கும் ஆட்டுக்குத் தலைக்கயிறு போடலாம். மூக்கின் மேல் வரும் சுற்று, கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவில், எலும்பின் மேல் இருக்க வேண்டும். கீழே சரிந்தால் மூச்சை அடைக்கும்.

மந்தையாகப் போகும்போது முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். முன்னால் போவதற்கென்று ஒரு பெட்டை எல்லா மந்தையிலும் இருக்கும். அதை மட்டும் கயிற்றில் பிடித்தால் மற்றவை தொடரும். தார்ச்சாலையைக் கடக்குமுன் எல்லாவற்றையும் ஓரத்தில் சேர்த்து நிறுத்தி, ஒரே கூட்டமாகக் கடத்துங்கள். அதிக விபத்து நடப்பது தாய் இந்தப் பக்கமும் குட்டி அந்தப் பக்கமும் நிற்கும்போதுதான். குட்டி கத்தினால் தாய் வண்டி வாகனம் பார்க்காது. சின்னக் குட்டிகளை முதலிலேயே கையில் தூக்கிக்கொள்ளுங்கள். மேலப்பாளையம், எட்டயபுரம், செஞ்சி போன்ற சந்தைகளுக்கு விடியுமுன் கிளம்புகிறவர்கள், முன்னாலும் பின்னாலும் போகிற இருவர் கையிலும் விளக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கறுப்பு ஆடு இருட்டில் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

வழியில் வாய் வைப்பதையும் கவனியுங்கள், சில தழைகள் ஆட்டுக்கு விஷம். பட்டுப்போன அல்லது வாடிய இளஞ்சோளம், மரவள்ளி இலை, அரளி, மருந்தடித்த வயல் வரப்பு ஆகிய இடங்களில் கயிற்றைக் குறுக்கிப் பிடித்து வேகமாகக் கடந்துவிடுங்கள்.

மருந்து ஊற்றும்போதும் குளம்பு வெட்டும்போதும்

மருந்து ஊற்றும்போது தலை தரைக்கு இணையாக இருக்கட்டும், அதற்கு மேல் தூக்காதீர்கள். மூக்கு கண்ணுக்கு மேலே போனால் மருந்து நுரையீரலுக்குப் போகும், புரையேறி நிமோனியா வந்து ஆடு சாகும். புழு மருந்து ஊற்றிய இரண்டாம் நாள் ஆடு செத்தால் மருந்தைத் திட்டுவார்கள், பல நேரம் காரணம் ஊற்றிய விதம். ஊசியில்லாத சிரிஞ்சை வாயின் ஓரத்தில், முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் கொடுத்து, விழுங்க விழுங்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள். விரலைக் கடைவாய்க்குள் விடாதீர்கள், அங்கே பல் கத்திபோல் இருக்கும்.

அளவு எடையைப் பொறுத்தது. தராசு இல்லாவிட்டால் முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிய அளவையும், தோள் முனையிலிருந்து புட்டத்து எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கிடைக்கும். சுற்றளவு 26, நீளம் 24 என்றால் 24.6 கிலோ. அல்பெண்டசோல் மருந்தைச் சினை பிடித்த முதல் ஒன்றரை மாதத்தில் கொடுக்கக் கூடாது.

குளம்பு வெட்ட, முன்னங்காலை முழங்கால் மடங்கும் திசையில் மட்டும் மடக்குங்கள், வெளிப்பக்கம் விரிக்காதீர்கள். பின்னங்காலைத் தாழ்வாக, நேர் பின்னால் நீட்டிப் பிடியுங்கள். உங்கள் வசதிக்காக இடுப்பு வரை தூக்கினால் ஆடு சாய்ந்து விழும். அடிப்பகுதி இளஞ்சிவப்பாகத் தெரிந்ததும் நிறுத்த வேண்டும்.

சினை ஆடு, குட்டி, வண்டி

சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். மூன்று மாதம் தாண்டிய ஆட்டைக் கால் நடுவில் இடுக்கிப் பிடிப்பதோ, சாய்ப்பதோ கூடாது. கொட்டில் வாசலில்தான் வயிற்றில் அடிபடும். குறுகிய வாசலில் இரண்டு ஆடு ஒரே நேரத்தில் நுழைந்து நெருக்கும். சினை ஆடுகளை முதலில் தனியாக விட்டுப் பிறகு மற்றவற்றைத் திறந்துவிடுங்கள்.

குட்டியைத் தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்தொடைக்கு அடியில். முன்னங்கால் இரண்டையும் பிடித்துத் தொங்கவிட்டுத் தூக்குவதைச் சந்தையில் நிறையப் பார்க்கலாம். தோள் தசை கிழிவது வெளியே தெரியாது, மறுநாள் நொண்டும்போதுதான் தெரியும்.

வளர்ந்த ஆட்டை வண்டியில் ஏற்றச் சாய்பலகை வையுங்கள், குறுக்கே சட்டம் அடித்திருந்தால் வழுக்காது. பலகை இல்லையென்றால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று, மார்புக்கு அடியிலும் பின்தொடைக்குப் பின்னாலும் கை கோத்துத் தூக்க வேண்டும். கொம்பும் வாலும் பிடித்து வீசுவது குற்றமே. 1978-ஆம் ஆண்டின் கால்நடைப் போக்குவரத்து விதிகள் ஆட்டின் காலைக் கட்டிப் போடக் கூடாது என்கின்றன. தரையில் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வைக்கோல் போடவும், கிடாவையும் பெட்டையையும் ஒரே தடுப்பில் அடைக்காமலிருக்கவும் சொல்கின்றன. நாலு காலையும் சேர்த்துக் கட்டி பைக்கில் குறுக்கே போட்டுக்கொண்டு போனால் கால் ரத்த ஓட்டம் நிற்கும், வயிறு அழுந்தி உப்பும்.

உங்கள் உடம்புக்கு

கன்று வீசிய ஆட்டின் நஞ்சுக்கொடியையும் திரவத்தையும் வெறுங்கையால் தொடாதீர்கள். புரூசெல்லா மனிதருக்கும் வரும், கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போகக் கூடாது. வாயைச் சுற்றிக் கொப்புளம் வந்த ஆட்டைத் தொட்டால் கையில் அதே புண் வரலாம், கையுறை போடுங்கள். கொம்பு குத்திய காயம் சின்னதாக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து விடும்போதும் அவசரம் வேண்டாம். மற்ற ஆடுகள் நிற்கும் பக்கம் முகத்தைத் திருப்பி, திமிறல் அடங்கும் வரை பிடித்திருந்து, பிறகு மெதுவாகக் கையை எடுங்கள். திமிறும்போதே விட்டால் அடுத்த முறை இன்னும் திமிறும். கயிறு தரையில் இழுபட விடாமல் கழற்றிவிட்டுத்தான் மேய்ச்சலுக்கு அனுப்ப வேண்டும், முள்வேலியில் மாட்டினால் சாயங்காலம் வரை யாருக்கும் தெரியாது. நோய் கண்ட ஆட்டுக்குப் போட்ட கயிற்றை மற்றதற்குப் போடாதீர்கள். ஆட்டுக்கொல்லி என்ற தொற்றுநோயோ வாய்ப்புண்ணோ வந்த ஆட்டின் கயிறு என்றால் எரித்துவிடுங்கள், புதுக்கயிறு ஒன்றும் பெரிய செலவில்லை.